பசியைத் தொலைத்த ஏழு மாதம்

நோய் வந்து போன பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் வலியைப் பற்றிக் கேட்டார்கள். முடி கொட்டியதா என்று கேட்டார்கள். பசியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு நடந்ததில் பெரியது அதுதான் என்பதால் அதையே எழுதுகிறேன்.

நான் அம்பத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. ஊர் விருதுநகர், வாக்கப்பட்டது மேனாம்பேட்டில். நான் பசி தாங்க மாட்டேன் என்பது எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். யார் டிபன் டப்பாவைத் திறந்தாலும் முதலில் நீளும் கை என்னுடையதுதான். கல்யாணமான புதிதில் என் கணவர் ஏழுமலை நான் தின்னும் அழகைப் பார்த்துவிட்டுத் தன் கூட்டாளிகளிடம், "இன்னாமா சாப்புடுது தெரியுமா, பாத்துக்கினே இருக்கலாம்" என்று பெருமையாகச் சொல்லுவாராம். அவர் குட்டியானை ஓட்டுகிறார். அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் சின்ன வண்டி. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

முதலில் வந்தது களைப்பு. மைதானத்தை ஒரு சுற்று நடந்தாலே மூச்சு வாங்கியது. மாதவிலக்கு நிற்கும் வயது, அப்படித்தான் இருக்கும் என்று ஆறு மாதம் ஓட்டினேன். ஒருநாள் கொடியேற்றும் நேரத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழு. ரத்தம் எங்கே போகிறது என்று தேடியதில், கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி. அதிலிருந்துதான் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. புற்றுநோய்.

குடலில் ஓர் அடி நீளம் வெட்டி எடுத்து ஒட்டினார்கள். பக்கத்து நிணநீர்க் கணுக்கள் இரண்டில் நோய் இருந்ததால் கீமோ வேண்டும் என்றார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தவணை. தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் பொத்தான் அளவில் ஒரு கருவி பதித்து அதன் வழியாக மருந்தை ஏற்றுவார்கள். பகல் முழுக்க வார்டில் சாய்வு நாற்காலியில் இருக்க வேண்டும். பிறகு மருந்துப் பாட்டிலை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் கழித்துப் போய்க் கழற்றிக்கொள்ள வேண்டும்.

அந்த மருந்துகளில் ஒன்றுக்கு விநோதமான குணம். குளிர்ச்சியான எதைத் தொட்டாலும் விரலில் மின்சாரம் அடிக்கும். தண்ணீர் தொண்டையில் முள்ளாக இறங்கும். என் கணவர் குடிதண்ணீரைச் சூடு பண்ணிப் பிளாஸ்கில் வைத்தார். பிரிட்ஜைத் திறக்க என்னை விடவே இல்லை. இரண்டாம் தவணை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கேட்டின் தாழ்ப்பாளுக்கும் குளியலறைக் குழாய்க்கும் பழைய பனியன் துணி சுற்றியிருந்தார். நான் கேட்டதற்கு, "காலைல இரும்பு சில்லுனு கீதுல்ல" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் தவணைக்குப் பிறகு பசி நின்றது. குமட்டல் வேறு, அதற்கு மாத்திரை இருந்தது, கேட்டது. இது குமட்டல் இல்லாத நேரத்திலும் இருந்தது. தட்டில் சோறு இருக்கும். அதைச் சாப்பிட வேண்டும் என்று தெரியும். ஆனால் மேசையைப் பார்ப்பது மாதிரி, சுவரைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாயில் போட்டால் ஆணியைச் சப்பினது மாதிரி ஒரு ருசி. வெங்காயம் வதக்கும் வாசம் தாங்க முடியவில்லை என்றேன். மறுநாளே அவர் அடுப்பை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதுவரை டீ கூடப் போடத் தெரியாத மனிதர். குடையைப் பிடித்துக்கொண்டு மாடியில் பருப்பு வேகவைத்தார்.

வார்டில் எனக்கு அடுத்த நாற்காலி ஸ்டெல்லா அக்காவுடையது. கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு. ஏற்றுமதித் துணி கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. மார்பகப் புற்றுநோய். கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கையால் எலுமிச்சைச் சாதம் சாப்பிடுவார்.

"இன்னாமா டீச்சரு, டப்பாவத் தொறக்கவே மாட்டேங்குற?"

"பசிக்கலைக்கா."

"பசிக்கலன்னா, பசிச்ச நாள நெனச்சிக்கோ. எனக்கு ஒண்ணு சொல்லு. உனக்கு ரொம்பப் பசிச்ச நாளு எது?"

அப்படித்தான் அந்தப் பேச்சு தொடங்கியது. நான் பத்தாம் வகுப்பில் மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடிய கதையைச் சொன்னேன். ஓட்டம் முடிந்து புல்லில் விழுந்து கிடந்தபோது வந்த பசி. பஸ் ஸ்டாண்டில் எங்கள் சார் வாங்கிக் கொடுத்த எண்ணெய்ப் பரோட்டாவை எண்ணாமல் தின்றது. வாளியிலிருந்து சால்னாவை ஊற்றிக்கொண்டே இருந்த அந்தக் கடைக்காரர். ஸ்டெல்லா அக்கா, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருஷம் மாடி வீட்டில் பதினோரு பேர் இரண்டு நாள் மாட்டிக்கொண்டதைச் சொன்னார். ஒரே ஒரு பன் பாக்கெட் இருந்ததாம். "அந்த பன்னு மேரி ஒண்ண நான் இன்னிக்கு வரைக்கும் துன்னல" என்றார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதற்காகவே கதைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு போனேன். கல்லூரி விடுதியில் ஞாயிற்றுக்கிழமை இரவு மெஸ் மூடியிருக்கும் பசி, ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டி நெரிசலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க இடமில்லாத பசி. ஒவ்வொன்றும் நினைவில் துல்லியமாக இருந்தது. வயிறு மட்டும் அசையவில்லை.

ஐந்தாம் தவணையின்போது எடை நாற்பத்து மூன்று. நோய்க்கு முன் ஐம்பத்தெட்டு. டாக்டர் அபிராமி என்னைவிடப் பத்து வயது சின்னவர். எடைக் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"இன்னும் ரெண்டு கிலோ இறங்கினா அடுத்த தவணையைத் தள்ளிப் போடணும், இல்லைன்னா மருந்தைக் குறைக்கணும். ரெண்டுமே எனக்குப் பிடிக்கலை, டீச்சர்."

"வயிறு வேலை செய்யலையா டாக்டர்?"

"வயிறு தகவல் அனுப்பும், அவ்வளவுதான். சாப்பிடணும்னு முடிவு பண்றது மூளை." மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு தலையை வரைந்து, அடிப்பகுதியில் ஒரு புள்ளி வைத்தார். "பாதாம்பருப்பு அளவு இடம். ஹைப்போதலாமஸ்னு பேரு. நாம சாப்பிடாம இருந்தா அங்க கொழுப்பிலேர்ந்து ஒரு பொருள் ஊறும். நரம்புக்கும் நரம்புக்கும் நடுவுல போய், 'போதும்'ங்கற செய்தியை அமுக்கி, 'சாப்பிடு'ங்கற செய்தியை ஓங்க வைக்கும். மூக்கைக் கூர்மையாக்கும். பசியோட சாப்பிடற முதல் வாய் அவ்வளவு ருசியா இருக்கறதிலயும் அதுக்குப் பங்கு உண்டு. சாப்பிட்டதும் இறங்கிடும்."

"அதுக்கு என்ன பேரு?"

"எண்டோகன்னபினாய்டு. வேடிக்கையான பேரு. கஞ்சாச் செடியில இருக்கற பொருள் மூளையில எந்தப் பூட்டுல போய் உட்காருதுன்னு முதல்ல கண்டுபிடிச்சாங்க. அப்பறம்தான், அந்தப் பூட்டுக்கு நம்ம உடம்பே சொந்தமா சாவி செஞ்சு வச்சிருக்குன்னு தெரிஞ்சுது. செடி பேரையே இதுக்கும் வச்சுட்டாங்க. அதுல ஒண்ணுக்கு ஆனந்தமைடுன்னு பேரு. நம்ம ஆனந்தம்தான். தாய்ப்பால்லகூட இந்த வகைப் பொருள் இருக்கு. பிறந்த குழந்தை சப்பிக் குடிக்கறதுக்கே அது உதவுதுன்னு நினைக்கறாங்க."

கீமோவில் இந்த ஏற்பாடெல்லாம் குழம்பிப்போகும், இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், பசியைப் பார்த்துக்கொள்ளும் பொருள்கள் இன்னும் பல உண்டு என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். எனக்குக் கேட்கச் சுவாரசியமாக இருந்தது. பக்கத்தில் என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பூட்டு, சாவி, பாதாம்பருப்பு எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு சொல்தான் ஏறியிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கிண்ணத்தில் எள்ளுருண்டை கொண்டுவந்து நீட்டினார்.

"எங்கே வாங்கினீங்க?"

"நானே புட்ச்சேன். கொஞ்சம் கடிச்சிப் பாரு. எனக்கோசரம்."

உருண்டை உதிர்ந்தது. இலை வாடை அடித்தது; அந்த நாட்களில் எனக்கு எல்லாமே ஏதோ வாடைதான். பாதி தின்றேன். அவர் முகத்துக்காகத்தான் தின்றேன்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு மின்விசிறியின் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. நாக்கு உலர்ந்தது. இரண்டு வீடு தள்ளி யாரோ ரசத்துக்குத் தாளித்தார்கள். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாக எனக்கு வந்து சேர்ந்தது. எழுந்து உட்கார்ந்தேன். "ரசம் சோறு வேணும்" என்றேன்.

அவர் மாடிக்கு ஓடினார். இரண்டு தட்டு சாப்பிட்டேன். அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, விரலிடுக்கில் வழிந்ததை நக்கிச் சாப்பிட்டேன். அவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. சுவர் தள்ளித் தள்ளிப் போனது. நான் சாகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பாத்ரூமுக்குப் போக எழுந்தவள் அப்படியே சரிந்து, கட்டில் விளிம்பில் புருவம் மோதிக் கிழிந்தது. கீமோவில் ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள் குறைந்திருந்ததால் ரத்தம் நிற்கவே இல்லை. சரக்கு வண்டியின் முன்சீட்டில் என்னைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் துண்டை என் நெற்றியில் அழுத்தி, ஒரு கையால் ஓட்டினார். "இந்தா வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ரத்த அழுத்தம் பாதாளத்தில் இருந்தது. தையல் போட்டார்கள். டாக்டர் அபிராமி வந்து என் கண் பாவையில் விளக்கடித்துப் பார்த்தார். என் கணவரிடம் திரும்பினார்.

"என்ன குடுத்தீங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சாதான் வைத்தியம் பார்க்க முடியும்."

"நீங்கதானே மேடம் சொன்னீங்க... கஞ்சாவுல கீறதுதான் ஒடம்புலயும் ஊறுதுன்னு. இவுளுக்கு ஊற மாட்டேங்குதேன்னு... நெய்யில வதக்கிப் போட்டேன்."

டாக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் என் கணவருக்கு நன்றாக இருந்திருக்கும். "உடம்பு அந்தப் பொருளை எங்க தேவையோ அங்க மட்டும், தேவைப்படற நேரத்துல மட்டும், துளியூண்டு செய்யும். வேலை முடிஞ்ச நிமிஷமே அழிச்சுடும்" என்றார். "நீங்க குடுத்தது மூளையில இருக்கற அத்தனை பூட்டையும் ஒரே நேரத்துல திறந்துவிடும். மணிக்கணக்கா மூடாது. எவ்வளவு வீரியம், அதுல வேற என்ன கலந்திருக்கு, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சட்டப்படி இது என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. இவங்க கீமோவுல இருக்காங்க, அண்ணா."

இரண்டு நாள் படுக்கையில் இருந்தேன். அடுத்த தவணை பத்து நாள் தள்ளிப்போனது. எதைக் காப்பாற்றப் பார்த்தாரோ அதுவே போயிற்று. நான் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர்களைப் பார்த்து, இந்த இலையைத் தொடாதீர்கள் என்று வருஷா வருஷம் பேசியவள். அவரோடு நான் பேசவில்லை. கஞ்சி கொண்டுவந்து வைப்பார், போவார். பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று.

அடுத்த தவணைக்குப் போனபோது ஸ்டெல்லா அக்காவுக்கு யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். தையலைப் பார்த்தார். "அந்தாளு பண்ணது தப்புதான்" என்றார். "செடியக் குடுத்ததவுடு. உன்னக் கேக்காமக் குடுத்தான் பாரு, அது தப்பு. அத்தச் சொல்லி நல்லாத் திட்டு. பேசாம இருந்து சாகடிக்காத. வெளில உக்காந்துகினு கீறான், பாக்க முடியல."

அக்காவிடம் அன்று வேறொன்றையும் சொன்னேன், அதுவரை யாரிடமும் சொல்லாதது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தெளிந்து எழுந்தபோது எனக்கு முதலில் தோன்றியது கோபம் இல்லை. மீதி உருண்டைகளை என் கணவர் எங்கே போட்டார் என்பதுதான். அந்த ரசம் சோறு அவ்வளவு ருசியாக இருந்தது. ஸ்டெல்லா அக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

அன்று வண்டியில் வரும்போது கணவரிடம் கேட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ துன்னமாட்ட."

"அதனாலதான் சொல்லியிருக்கணும்."

சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்தும் அவர் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "நீ எளச்சிக்கினே போற செல்வி" என்றார். "எனக்கு இன்னா பண்றதுன்னு தெர்ல." அதற்கு மேல் நான் என்ன திட்டுவது?

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனநோய்க்குத் தருவதுதானாம், மிகச் சிறிய அளவில் தந்தால் குமட்டலைக் குறைத்துக் கொஞ்சம் சாப்பிடவும் வைக்கும். பசி வரும் என்று காத்திருக்க வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கைந்து கரண்டி. என் கணவர் என் பள்ளி விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி. மாடியிலிருந்து விசில் அடித்துக்கொண்டே கிண்ணத்தோடு இறங்குவார். எதிர்வீட்டுக்காரர்கள், "டீச்சருக்கு டைமாயிடுச்சு" என்பார்கள். வண்டிக்குப் போகும் நாட்களில் போனில் விசில் வரும். நானும் சாப்பிட்டேன். மருந்து மாதிரி, வீட்டுப்பாடம் மாதிரி, ருசியே இல்லாமல் சாப்பிட்டேன். எடை நாற்பத்து நான்கில் நின்றது.

ஒருமுறை டாக்டரிடம், எனக்கு எதிலுமே மனது ஒட்டவில்லை, பாட்டுக்கூடக் கேட்கப் பிடிக்கவில்லை என்றேன். அவர் ஒன்று சொன்னார். உடல் எடை குறைய, அந்தப் பூட்டை அடைத்துவிடும் மருந்து ஒன்றை முன்பு வெளிநாடுகளில் கொடுத்துப் பார்த்தார்களாம். பசி குறைந்ததாம், எடையும் குறைந்ததாம். ஆனால் சிலருக்கு அதோடு வாழும் ஆசையும் வாடிப்போய், தற்கொலை எண்ணம் வரைக்கும் போனதால் மருந்தையே நிறுத்திவிட்டார்களாம். "பசியும் சந்தோஷமும் பக்கத்துப் பக்கத்து வீடு, டீச்சர். ஒண்ணு வந்தா இன்னொண்ணும் வரும்" என்றார்.

ஸ்டெல்லா அக்காவுக்கு எனக்கு முன்பே தவணை முடிந்தது. கடைசி நாள் வார்டு முழுவதற்கும் கேக் கொண்டுவந்தார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறார். அந்தச் சாய்வு நாற்காலிகளை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? மருந்து நெடியும், ஜன்னல் வழியாக விழும் பத்து மணி வெயிலும், இரண்டு பெண்கள் என்றோ தின்ற பரோட்டாவையும் பன்னையும் பற்றி நாள் முழுக்கப் பேசியதும். அப்படி ஒரு பேச்சு எனக்கு அதற்கு முன்பும் கிடைக்கவில்லை, பின்பும் இல்லை.

பன்னிரண்டாம் தவணையும் முடிந்தது. விரல் மரத்துப்போனது மெல்லக் குறைந்தது. முடி அடர்ந்தது. பசி வரவில்லை. சிலருக்கு நாளாகும் என்றார்கள். கீமோ முடிந்து இரண்டு மாதம் கழித்து ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். நோய் மிச்சம் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும்.

காலையில் எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது மணிக்குப் போனோம். இயந்திரம் பழுது, கொஞ்சம் நேரம் ஆகும் என்றார்கள். பதினோரு மணி ஆயிற்று. இவர் பாரிவாக்கத்தில் ஒரு லோடு இறக்கிவிட்டு ஓடிவந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். காத்திருப்பவர்கள் எரிச்சலில் இருந்தார்கள். ஒரு பெரியவர், சர்க்கரை நோயாளியை இப்படிப் போட்டால் எப்படி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது என் வயிற்றின் மேல்பாகத்தில் ஒரு பிடிப்பு வந்தது. விட்டது. மறுபடி வந்தது. கையை வைத்து அழுத்தினேன். ஆபரேஷன் தழும்புக்குச் சற்று மேலே. நோய் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். இத்தனை மாதம் பட்டதெல்லாம் வீண், இவரிடம் எப்படிச் சொல்லுவேன் என்று நினைத்தேன். எழுந்து நர்ஸிடம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அந்தப் பிடிப்பு மறுபடி வந்து, கூடவே ஒரு சத்தமும் வந்தது. நீளமான, வெட்கம்கெட்ட சத்தம். பக்கத்து நாற்காலிப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்கும் அப்படித்தான்கா இருக்கு. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு வாயில் எச்சில் ஊறியது. வாசலுக்கு வெளியே யாரோ வடை போடும் எண்ணெய் வாசம் அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. அது என்னைக் குமட்டவைக்கவில்லை, இழுத்தது. நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அழுதேன். அந்தப் பெண் பதறிப்போய் என்னக்கா, என்னக்கா என்றாள்.

போனை எடுத்தேன். மணி அடித்த உடனே எடுத்துவிட்டார். பின்னால் நெடுஞ்சாலை இரைந்தது.

"இன்னா செல்வி? கூப்ட்டாங்களா? இன்னா சொல்றாங்க?"

"இன்னும் கூப்பிடலை."

"பின்ன ஏன் அழுவுற?"

"பசிக்குதுங்க."

வண்டி ஓரம் கட்டி நிற்பது கேட்டது. கைப்பிரேக் இழுக்கும் சத்தம், பிறகு என்ஜின் அணைவது.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.